சைலன்சர் நுனியை மினுக்கப் போய்

ரயருக்குக் காற்றுப் பார்க்கக் குந்தியிருந்தபோதுதான் சைலன்சர் குழாயின் நுனி கண்ணில் பட்டது. வாங்கும்போது முகம் பார்க்கலாம் போல மினுங்கிய உருப்படி. இப்போது விறகடுப்பில் வைத்து மறந்த கேத்தில் மாதிரி இருந்தது. உள்ளே கட்டிக் கரி, விளிம்பைச் சுற்றிக் கபில நிறம், மேற்புறத்தில் தேநீர் வழிந்து காய்ந்தது போல ஒரு கறை. செம்பாட்டு மண் என்றுதான் முதலில் நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் கோண்டாவில் பக்கத்தில் வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டி, வெள்ளை நாய் எல்லாமே நாலு நாளில் அந்த நிறத்துக்கு வந்துவிடும். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். மண் போனது. கறை அப்படியே இருந்தது.

அந்த நுனி சைலன்சரோடு பிறந்தது அல்ல. முன்னைய சொந்தக்காரர் அழகுக்காகக் குழாயின்மேல் செருகி, அடியில் இரண்டு சின்ன ஸ்குறூவால் இறுக்கி விட்டிருந்தார். கழற்றி எறிந்தாலும் கார் ஓடும். ஆனால் இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025 தொடக்கத்தில் திரும்பத் திறக்கும் வரை, கார் வைத்திருந்த எல்லாரும் இருக்கிறதையே மினுக்கி மினுக்கி வைத்திருக்கப் பழகிவிட்டோம். எனக்கும் அந்த வியாதி இருக்கிறது.

முதல் நாள் நான் செய்ததைச் சொல்லி விடுகிறேன். அதில் பாதி சரி, பாதி பிழை.

சரியான பாதி கரி எடுத்தது. காலையிலிருந்து எடுக்காத கார் என்பதால் குழாய் ஆறியிருந்தது. ஹான்ட்பிரேக் போட்டு, முன் ரயர்களுக்குக் கல் வைத்தேன். பழைய பெனியன் ஒன்றைச் சுருட்டிக் குழாயின் உட்பக்கம் அடைத்தேன், அழுக்குத் தண்ணீர் சைலன்சருக்குள் ஓடாமல் இருக்க. பிறகு மண்ணெண்ணெய். கரியைக் காய்ந்தபடி சுரண்டினால் தூள் பறந்து மூக்குக்குள்தான் போகும். மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊற விட்டால் களிமாதிரி இளகிவிடும். போத்தல் கழுவுகிற பிரஷை உள்ளே விட்டுச் சுழற்றினேன். மூன்று தரம் தடவி, மூன்று தரம் துடைத்து, கடைசியில் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத் தண்ணீரால் கழுவியபோது உள்பக்கம் சாம்பல் நிற உலோகமாகத் தெரிந்தது. உள்பக்கம் அதற்குமேல் மினுங்காது, மினுங்கத் தேவையும் இல்லை. அடுத்த நாளே திரும்பக் கறுக்கப்போகிற இடம் அது.

துடைத்த துணியை ஒருமுறை விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள். தூளாக உதிர்கிற கறுப்பு என்றால் பெற்றோல் எரிந்த கரி. ஓரளவுக்கு எந்தக் காரிலும் வரும். ஆனால் பிசுபிசுத்து, எண்ணெய் மாதிரி விரலில் ஒட்டினால் எஞ்சின் ஒயில் எரிகிறது என்று அர்த்தம். அப்படியானால் நுனியை மினுக்குவதை விட்டுவிட்டு முதலில் மெக்கானிக்கிடம் போக வேண்டும். என்னுடையது உதிர்ந்தது. நிம்மதி.

பிழையான பாதி இனித்தான். கரி போன பிறகும் வெளிப்புறக் கபிலக் கறை போகவில்லை. குசினிக்குள் போனேன். சட்டி தேய்க்க அம்மா வைத்திருந்த இரும்பு நூல் பஞ்சு கண்ணில் பட்டது. சவர்க்காரத்தோடு அரை மணித்தியாலம் உரஞ்சினேன். கறை போனது மட்டுமல்ல, பின்னேர வெயிலில் வெள்ளி மாதிரி இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வடிவாத்தான் கிடக்கு. அதுசரி, உந்தப் பஞ்சை ஏன் எடுத்தனீ?" என்றா. பாராட்டு அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை கார் ஸ்ராட் ஆகி, இரண்டு தரம் இருமி, நின்றுவிட்டது. திரும்ப அடித்தேன். திரும்ப இருமல். பற்றரியா, பெற்றோல் பம்பா என்று பத்து நிமிடம் பொனெற்றைத் திறந்து வைத்துக்கொண்டு முழித்த பிறகுதான் பெனியன் ஞாபகம் வந்தது. குழாய்க்குள் இறுக்கி அடைத்தது அங்கேயே இருந்தது. புகை வெளியே போக வழியில்லாவிட்டால் எஞ்சினுக்குப் புதுக் காற்று உள்ளே வராது, நின்றுதான் போகும். இழுத்து எறிந்ததும் ஒழுங்காகப் பிடித்தது. யாராவது இதைச் செய்வதாக இருந்தால், அடைக்கிற துணியின் ஒரு முனையை முழ நீளத்துக்கு வெளியே தொங்கவிடுங்கள். இன்னொரு துண்டை ஸ்ரியறிங்கில் கட்டிவிடுங்கள். வெட்கம் பார்க்க வேண்டாம்.

எனக்கு வேலை வேலணையில். தினமும் பண்ணைப் பாலத்தால் போய் வருகிறேன். இரண்டு பக்கமும் கடல்நீரேரி. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுத் தொடங்கிய நாட்கள் அவை. தண்ணீரிலிருந்து எழும்புகிற உப்புத் தூவல் காரின் கண்ணாடியில் படிந்து, வைப்பர் போட்டால் பால் மாதிரி இழுபடும். ஐந்தாம் நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து நுனியைப் பார்த்தால், முகத்தில் அம்மை போட்டது போல முழுவதும் செம்மஞ்சள் புள்ளிகள். முதலில் இருந்ததைவிட மோசம்.

அதற்குப் பிறகுதான் உரஞ்சுவதை நிறுத்திவிட்டு, நான் என்னத்தை உரஞ்சுகிறேன் என்று யோசித்தேன்.

பழுதான ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்த காந்தம் ஒன்று மேசை லாச்சிக்குள் கிடந்தது. நுனியில் வைத்தேன், வழுக்கி விழுந்தது. அரை அடி உள்ளே சைலன்சர்ப் பெட்டியில் வைத்தேன், டக்கென்று பிடித்தது. அப்படியென்றால் நுனி குரோம் பூசிய இரும்பு அல்ல. நல்ல எவர்சில்வர், பெரும்பாலும் 304 என்று சொல்கிற வகை. பதினெட்டு வீதம் அளவில் குரோமியம், எட்டு வீதம் அளவில் நிக்கல் கலந்தது, வீட்டுச் சாப்பாட்டுக் கோப்பைகளின் சாதி. அதன் மேல் குரோமியம் ஒட்சைட்டு ஒரு கண்ணுக்குத் தெரியாத தோலாகப் படிந்திருக்கும். கீறினால் காற்றுப் பட்டுத் தானாகவே திரும்ப வளரும். அதனால்தான் கறள் பிடிப்பதில்லை. அந்தத் தோலுக்குப் பெரிய எதிரி உப்பில் இருக்கிற குளோரைட்டு. கடற்கரை ஊர்களில் எவர்சில்வர் கைபிடிகளில் தேநீர் நிறக் கறை படிவது அதனால்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கடலுக்கோ நீரேரிக்கோ தூரமான ஊர் என்று ஒன்று எங்கே இருக்கிறது? முதல் கறைக்குக் காரணம் அது.

இரண்டாவது, அந்த அம்மைப் புள்ளிகள், முழுக்க என் கைவேலை. சட்டி தேய்க்கிற இரும்பு நூல் சாதாரண இரும்பு. உரஞ்சும்போது அது பொடிந்து, எவர்சில்வரின் கீறல்களுக்குள் ஒட்டிக்கொள்ளும். கறள் பிடித்தது என் குழாய் அல்ல, நான் அதில் விதைத்த இரும்புத் துகள். உப்புக் காற்றுப் பட்டதும் அவ்வளவும் ஒன்றாக முளைத்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெடியன் மதிலால் எட்டிப் பார்த்து, "அண்ணை, உது சூட்டுக் கறை. என்ரை பைக்கிலயும் இருக்கு" என்றான். அவனுடைய பைக்குக்கு அவன் சொன்னது சரி. எஞ்சினிலிருந்து இறங்குகிற வளைவுக் குழாயில் முதலில் பொன் நிறம், பிறகு ஊதா, பிறகு நீலம் என்று வரிசையாக இருக்கும். எவர்சில்வர் சூடாகச் சூடாக மேலே உள்ள ஒட்சைட்டுத் தோல் தடிக்கிறது. தண்ணீரில் மிதக்கிற எண்ணெய்ப் படலம் வானவில் காட்டுவது போல, தடிப்புக்கு ஏற்ப நிறம் மாறுகிறது. ஏறத்தாழ 290 பாகை செல்சியஸில் வெளிர் மஞ்சள் வரும், 540 அளவில் நீலம். என் காரின் நுனி எஞ்சினிலிருந்து மூன்று மீற்றருக்கு மேல் தள்ளி இருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் அங்கே அவ்வளவு சூடு வருவதில்லை. அவனுக்கு நிரூபிக்க ஒரு தேசிக்காயை வெட்டிச் சாற்றைப் பஞ்சில் நனைத்துக் கறைமேல் ஒட்டிவிட்டேன். பத்து நிமிடத்தில் எடுத்தபோது பஞ்சு மஞ்சளாக இருந்தது, அடியில் உலோகம் வெளுத்திருந்தது. சூட்டு நிறம் என்றால் தேசிக்காய்க்கு அசையாது. பொலிஷ் போட்டு உரசித்தான் எடுக்க வேண்டும். பெடியன் மீதித் தேசிக்காயை வாங்கிக்கொண்டு போனான். அவன் பைக்கில் ஒன்றும் நடக்கவில்லை என்று பிறகு சொன்னான்.

இரண்டாம் சுற்றுக்கு நுனியைக் கழற்றியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஸ்குறூ இரண்டும் கறளில் இறுகியிருந்தன. இரவு மண்ணெண்ணெய் விட்டு, காலையில் ஒரு தட்டுத் தட்டித் திருப்ப, ஒன்று வந்தது, மற்றது தலை தேய்ந்து போனது. அதைக் குறட்டால் பிடித்துத்தான் எடுத்தேன். திரும்பப் பூட்ட எவர்சில்வர் ஸ்குறூ இரண்டு வாங்கிக்கொண்டேன். கழற்றிய பிறகு வேலை எவ்வளவு இலகு என்று சொல்ல முடியாது. விறாந்தையில் கதிரை போட்டு, மடியில் சாக்கு விரித்து, வெங்காயம் உரிப்பது போல இருந்து செய்யலாம். பெனியன் மறக்கிற பேச்சும் இல்லை.

நாலு தேசிக்காயைப் பிழிந்து, பழைய சாரத்தில் கிழித்த துணியை அதில் நனைத்து நுனியைச் சுற்றிக் கட்டி இருபது நிமிடம் வைத்தேன். அம்மா வந்து, குத்துவிளக்குக்குச் செய்வது போலப் பழப்புளியும் உப்பும் போடச் சொன்னா. பித்தளைக்கு அது அருமையான மருந்து. எவர்சில்வருக்கு உப்பு ஆகாது. எதை அகற்றப் பாடுபடுகிறோமோ அதையே திரும்பத் தேய்க்கிற வேலை. அதே காரணத்துக்காகக் கழிவறை கழுவுகிற அசிட் போத்தலையும் கிட்டக் கொண்டுவர வேண்டாம். அதில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம். ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கறை போகும், கூடவே மேற்பரப்பில் ஊசி குத்தியது போலக் குழிகள் விழும். தேசிக்காயில் இருக்கிற சித்திரிக் அமிலமோ தொழிற்சாலைகளிலேயே எவர்சில்வரில் ஒட்டிய இரும்பைக் கரைத்தெடுக்கப் பயன்படுவது. வீட்டு மரத்தில் காய்க்கிறதால் நாம் மதிப்பதில்லை.

கட்டவிழ்த்தபோது புள்ளிகள் முக்கால்வாசி போயிருந்தன. இன்னொரு தரம் கட்டினேன். மீதியும் போனது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்து வந்தால், வெள்ளை வட்டம் வட்டமாக ஒரு புதுக் கறை! இது நம்முடைய சுண்ணாம்புக்கல் நிலத்தின் சீதனம். கேத்திலின் அடியில் தடிப்பாகப் படிகிற அதே கல்சியம். தேசிக்காய் தோலால் துடைக்க அதுவும் கரைந்தது. அதன் பிறகு கடைசிக் கழுவலுக்குக் குடிக்க வாங்குகிற பில்டர் தண்ணீரைத்தான் எடுத்தேன், கழுவின கையோடு துணியால் ஒற்றினேன். ஒரு போத்தல் போதும். அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்தால் நல்லது.

இனி, இரும்புப் பஞ்சு போட்ட மயிர்க்கீறல்கள். இவை பொலிஷால் மட்டும் போகாது. ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு கடையில் தண்ணீர் தொட்டு உரசுகிற வோட்டர் பேப்பர் 1000, 1500, 2000 என்று மூன்று நம்பரில் வாங்கினேன். நம்பர் கூடக் கூடத் தாள் மெதுமை. வெறும் விரலால் பிடித்து உரசினால் விரல் அழுத்துகிற இடம் பள்ளமாகும். மரத்துண்டு வைத்தால் வளைவுக்கு ஒத்துவராது. அறுந்த பாட்டாச் செருப்பொன்றை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, அதில் தாளைச் சுற்றிப் பிடித்தேன். குழாயின் வளைவுக்கு அதுவும் வளைந்து கொடுத்தது. இந்தப் பதிவில் நான் பெருமைப்படுகிற ஒரே கண்டுபிடிப்பு அதுதான்.

1000இல் குழாயைச் சுற்றி உரசுங்கள். 1500இல் நீளவாக்கில். 2000இல் திரும்பச் சுற்றி. திசையை மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. முந்தின தாளின் கீறல்கள் குறுக்கே தெரியும். அவை முற்றாக மறையும் வரை அடுத்த தாளுக்குப் போகக்கூடாது. நான் 1000இல் அவசரப்பட்டு முன்னே போய், 2000 முடித்துப் பொலிஷ் போட்ட பிறகு மூன்று ஆழக் கீறல்கள் சிரித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, முதலிலிருந்து தொடங்கினேன். ஒரு தாள் இரண்டு பிளேன் ரீ விலைதான். நேரம்தான் விலை கூடியது. தாளை வாளித் தண்ணீரில் அடிக்கடி அலசுங்கள். அலசாவிட்டால் அடைபட்ட தூளே புதுக் கீறல் போடும்.

2000 முடிந்தபோது நுனி மங்கலான கண்ணாடி மாதிரி, பனி மூடியது போல இருந்தது. பிறகு பொலிஷ். வீட்டில் குத்துவிளக்குக்கு வைத்திருந்த பிராசோ கொஞ்சம் இருந்தது, அதில் தொடங்கினேன். எவர்சில்வர் பித்தளையைவிடக் கடினம் என்பதால் நேரம் எடுத்தது. கடையில் எவர்சில்வருக்கும் குரோமுக்கும் என்று ரியூப்பில் வருகிற பசை ஒன்று வாங்கியதும் வேகம் பிடித்தது. பட்டாணி அளவு போதும். துணி உடனே கறுக்கும். "இன்னும் அழுக்குப் போகிறது" என்று நினைத்து நான் இரவு எட்டு மணி வரை தேய்த்தேன். அந்தக் கறுப்பு அழுக்கு மட்டுமல்ல, உரசுப்பட்ட உலோகத்தின் நுண்தூளும் சேர்ந்தது. எவ்வளவு தேய்த்தாலும் வந்துகொண்டேதான் இருக்கும். துணியைப் பார்த்து நிறுத்த முடியாது, முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். என் முகம் தெளிவாகத் தெரிந்தது, களைப்பும் தெரிந்தது.

கடைசியாகக் காருக்குப் பூசுகிற வக்ஸ் மெல்லிய ஒரு படை. அப்பா கத்திக்குப் பூசுவது போலத் தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னார். சொன்னதற்காக ஸ்குறூ வருகிற அடிப்பக்கத்தில் விரலளவு பூசிப் பார்த்தேன். இரண்டு நாள் ஓட்டத்தில் அது காய்ந்து, தாச்சியின் வெளிப்புறம் போலப் பிசினாகிப் புழுதியைப் பிடித்து வைத்திருந்தது. அப்பாவிடம் காட்டவில்லை.

பூட்டிய பிறகு வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறேன், மாதம் ஒருமுறை வக்ஸ். காலையில் ஸ்ராட் பண்ணும்போது நுனியால் தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் பிறக்கிறது. குழாய் குளிராக இருக்கும்போது அது ஆவியாகப் போகாமல் உள்ளேயே படிகிறது. திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்புகிற ஓட்டங்கள்தான் சைலன்சருக்குக் கேடு. அது சூடாகி உலர்வதற்கு முன்னமே நிறுத்திவிடுகிறோம், உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு மரக்கறிக்குச் சைக்கிளில் போகிறேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் ஒரு நிபுணன். அம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

உரும்பிராயில் இருக்கிற பெரிய மாமாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 சமசெற் இருக்கிறது. 1952 முதல் 1954 வரை மட்டும் இங்கிலாந்தில் செய்த மாதிரி. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில், காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு உயிர் கொடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய கார்களில் ஒன்று அது. அழுத்த விகிதம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்கள் மண்ணெண்ணெய்யைச் சீரணித்தன, புகையை மட்டும் ஊருக்குக் கொடுத்தன. 1995 இடப்பெயர்வில் அந்தக் கார் தென்மராட்சிக்குப் போய்த் திரும்பியது எங்கள் குடும்பத்தில் தனிக் கதை; அதை எடுத்தால் குழாய் மறந்துபோகும். எழுபதுகளில் மாமா கொழும்பில் வாங்கி அதற்கு ஒரு நுனிக்குழாய் மாட்டியிருந்தார். ஆவணியில் மாமாவின் பேத்திக்குக் கலியாணம். பொம்பிளை அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு.

"தம்பி, உன்ரை குழாயைக் கண்ணாடி ஆக்கிப்போட்டாய் எண்டு கொம்மா சொன்னா. இதையும் ஒருக்கால் பாரன்" என்றார்.

"அதுக்கென்ன மாமா, விடுங்கோ, ஒரு மணித்தியால வேலை" என்றேன். இந்த வசனத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

மாமா மத்தியானச் சாப்பாடு முடித்துப் படுக்கப் போனார். நான் நுனியைக் கழற்றிப் பார்த்தேன். மங்கல், அங்கங்கே கறள் பொட்டு, ஓரத்தில் பழைய கரி. என்னுடையது போலவே இருந்தது. காந்தம் கோண்டாவிலில் லாச்சிக்குள் இருந்தது. கரியை எடுத்தேன், தேசிக்காய் போட்டேன், 1000 நம்பர் தாளைப் பாட்டாவில் சுற்றினேன். விளிம்போரம் ஐந்தாறு இழுவை இழுத்திருப்பேன். நீல வெள்ளையாக இருந்த இடத்தில் பெருவிரல் அகலத்துக்கு இளமஞ்சளாக ஒன்று எட்டிப் பார்த்தது. பசை மீதி என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. இன்னும் இரண்டு இழுவை இழுத்தேன். அகலமானது.

அது நிக்கல். குரோம் முலாம் என்று நாம் சொல்கிற பொருளில் குரோம் மிக மெல்லிசு, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அதன் அடியில் அதைவிடப் பலமடங்கு தடிப்பாக நிக்கல், அதற்கும் அடியில் இரும்பு. மேலே இருக்கிற குரோம் கண்ணாடியைவிடக் கடினம், ஆனால் வோட்டர் பேப்பரில் இருக்கிற சிலிக்கன் காபைட்டுத் துகள் அதைவிடக் கடினம். எழுபதுகளிலிருந்து தடை, இடப்பெயர்வு, மண்ணெண்ணெய்ப் புகை எல்லாவற்றையும் தாங்கிய தோலை நான் அரை நிமிடத்தில் உரித்துவிட்டேன். முலாம் போன இடத்துக்கு வீட்டில் வைத்துச் செய்யக்கூடிய வைத்தியம் ஒன்றும் இல்லை.

தாளைச் சுருட்டிச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தேன். மாமியிடம் போய்க் குசினியில் அலுமினியத் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். ஏன் என்று கேட்காமல் தந்தா. குரோமுக்கு உரிய முறை இதுதான்: அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, தண்ணீரில் தோய்த்து, மெதுவாகத் தேய்ப்பது. அலுமினியம் குரோமைவிட மிக மெதுமையானது. அதைக் கீறாது, மேலே படிந்த கறளை மட்டும் வழித்தெடுக்கும். தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறச் சேறு வரும். துடைத்துத் துடைத்துத் தொடர வேண்டும். கறள் பொட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மூன்று இடத்தில் மட்டும் ஊசிமுனைக் குழி மிஞ்சியது, அங்கே கறள் முலாத்தைத் துளைத்துக்கொண்டு அடியிலிருந்து வந்திருக்கிறது. பிறகு ரியூப் பசை கொஞ்சம், பெனியன் துணியால், அழுத்தாமல். மஞ்சள் பட்ட இடத்துக்கு அழுத்தவே இல்லை, அங்கே நிக்கலாவது மிஞ்சட்டும் என்று. முழுவதற்கும் வக்ஸ் இரண்டு படை.

நேர்மையாகச் சொன்னால் மற்ற இடம் என் எவர்சில்வரைவிட அழகாக வந்தது. குரோமின் மினுக்கத்தில் ஒரு நீலம் இருக்கிறது, எவர்சில்வருக்கு அது வராது. அந்தப் பெருவிரல் அகல மஞ்சள் மட்டும் விளிம்பில் பல் விழுந்த இடம் மாதிரி நின்றது. நல்லவேளை, நுனி வட்டமானது. கிளாம்பைத் தளர்த்தி, மஞ்சள் தரையைப் பார்க்கும்படி திருப்பி இறுக்கினேன். நின்று பார்த்தால் தெரியாது. குந்திப் பார்த்தாலும் தெரியாது. முழுதாகப் படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மாமா எழும்பி வந்து, காரின் பின்னால் கைகட்டி நின்று, நெடுநேரம் பார்த்தார். "புதுசு மாதிரி இருக்கடா" என்றார். மாமி ஒரு பைக்குள் முருங்கைக்காயும் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஆறும் தந்துவிட்டா. வாங்கிக்கொண்டு வந்தேன்.

கலியாணம் நன்றாக நடந்தது. ஒஸ்ரின் வழியில் எங்கும் நிற்கவில்லை. இரண்டு கிழமை கழித்து வீடியோ வந்தது, மாமா வீட்டில் எல்லாரும் கூடியிருந்து பார்த்தோம். வீடியோக்காரப் பெடியனுக்குக் கலைக்கண் அதிகம். பொம்பிளை காரில் ஏறுகிற காட்சியில் கமராவை ரோட்டோடு ரோட்டாக வைத்து, பின் ரயரிலிருந்து மெல்ல மேலே தூக்கி, சைலன்சர் நுனியில் இரண்டு செக்கன் நிறுத்தியிருந்தான். பெரிய ரீவி. நுனி மின்னியது, அதன் அடியில் மஞ்சளும் மின்னியது.

"தம்பி, உதென்ன மஞ்சளாக் கிடக்கு? ஐயர் மஞ்சள் தண்ணி தெளிச்சதோ?" என்றார் மாமா.

"ஓம் மாமா, அதாத்தான் இருக்கும்" என்றேன்.